இரண்டு கப்பல்களை இழந்த கேப்டன்

1941 டிசம்பர் 10ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால் கடலில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். நான் அதைத் தோல்வியாக மட்டுமே நினைத்திருந்தேன், ரிபல்ஸின் கேப்டன் வில்லியம் டெனண்டைப் பற்றிப் படிக்கும்வரை.

1890இல் பிறந்த டெனண்ட், 15 வயதில் கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். கப்பலுக்கு வழி கணிப்பது அவருடைய துறை. முதல் உலகப் போரில், 1916 ஆகஸ்டில், அவர் பணியாற்றிய 'நாட்டிங்ஹாம்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. அவர் உயிர் தப்பினார்.

1940 மே மாதம் பிரான்சின் டன்கர்க் நகரில் சிக்கிய படைகளைக் கப்பலேற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. கடற்கரையில் ஆழமில்லை, சிறு படகுகளில் ஏற்றினால் நாள் போதாது. துறைமுகத்தின் கிழக்கே நீண்டிருந்த அலைத்தடுப்புச் சுவரில் கப்பலைக் கட்டிப் பார்க்கச் சொன்னார் டெனண்ட். கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய சுவர் அல்ல அது. ஆனாலும் தாங்கியது. மீட்கப்பட்ட 338,000 பேரில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் துறைமுகம் வழியாகவே வெளியேறினர்.

அடுத்த மாதமே ரிபல்ஸ் அவர் கைக்கு வந்தது.

குவாந்தான் கடலில் பல டார்பிடோக்களுக்கு விலகி விலகிக் கப்பலை ஓட்டினார். அட்மிரல் டாம் பிலிப்ஸ் வானொலி மௌனம் காத்ததால், தாக்குதல் நடப்பதை 11.58க்கு டெனண்ட்தான் சிங்கப்பூருக்கு அறிவித்தார். செம்பவாங்கிலிருந்து கிளம்பிய விமானங்கள் வந்தபோது எல்லாம் முடியும் தறுவாயில் இருந்தது.

கடைசியில் டார்பிடோக்கள் பட்டு, கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. கீழ்த்தளங்களில் இன்னும் பலர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையை எடுத்தால் கப்பல் போய்விடும். எடுக்காவிட்டால் அவர்களும் போய்விடுவார்கள். வேலையை நிறுத்தி எல்லாரும் மேல்தளத்துக்கு வாருங்கள் என்று டெனண்ட் உத்தரவிட்டார். ஒரு கேப்டனுக்கு அந்த முடிவு எவ்வளவு கடினமானது என்பதைப் பின்னர் தம் அறிக்கையிலும் எழுதினார். சில நிமிடங்களில், 12.33க்கு, ரிபல்ஸ் மூழ்கியது. சுமார் 1,300 பேரில் 513 பேர் இறந்தனர். ஏறக்குறைய 800 பேர் பிழைத்தனர். இன்னும் ஐந்து நிமிடம் தயங்கியிருந்தால் இந்த எண்ணிக்கை என்னவாகியிருக்கும்?

கப்பலோடு கடலுக்குள் போன டெனண்டை 'வாம்பயர்' என்ற நாசகாரிக் கப்பல் மீட்டது. பிலிப்ஸும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் கேப்டன் ஜான் லீச்சும் திரும்பவில்லை.

கப்பலை இழந்ததால் டெனண்டின் பணி முடிந்துவிடவில்லை. 1944இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் செயற்கைத் துறைமுகங்கள் அமைக்கும் பணியைக் கடற்படை அவரிடம் ஒப்படைத்தது. பழைய கப்பல்களை வரிசையாக நிறுத்தி, வேண்டுமென்றே மூழ்கடித்து, அலையைத் தடுப்பதும் அந்தப் பணியில் அடக்கம்.