மனத்திரையில் ஒரு சந்திப்பு

வெறுப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கலவரங்களையும் மேடைப் பேச்சுகளையுமே எடுத்துக்காட்டுவர். அவற்றிற்கெல்லாம் அடியில் ஓசையற்ற ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் முகம் சற்றே சுருங்குகிறது. பேருந்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தும் அங்கே அமர மனம் தயங்குகிறது. கேட்டால், "எனக்கு எவர் மீதும் துவேஷம் கிடையாது" என்பார். அவர் சொல்வது பொய்யன்று. தமக்குள் குடிகொண்டுள்ள தப்பெண்ணத்தை அவரே அறியார்.

பழகினால் மாறும் என்பது பழைய விடை. அமெரிக்க உளவியல் அறிஞர் கோர்டன் ஆல்போர்ட், 1954இல் வெளியிட்ட நூலில் அதற்குச் சில நிபந்தனைகளைக் கூறினார்: இரு தரப்பாருக்கும் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, சட்டமும் சமூகமும் தரும் ஆதரவு. எஜமானியும் பணிப்பெண்ணும் ஒரே கூரையின் கீழ் இருபதாண்டுகள் இருந்தும் தப்பெண்ணம் அகலாதது ஏன் என்பது இதனால் விளங்கும். ஆனால் தெருக்களே தனித்தனியாகிவிட்ட ஊரில் பழகுவதற்கு வாய்ப்பு எங்கே?

ரியானான் டர்னர், ரிச்சர்ட் கிரிஸ்ப் என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விந்தையான வழியை முன்வைத்தனர். நேரில் சந்திக்க இயலாதவரை மனத்தில் சந்திப்பதே அது. 2010இல் வெளியான அவர்களது ஆய்வில், முன்பின் அறியாத முஸ்லிம் ஒருவருடன் உரையாடுவதாகக் கற்பனை செய்யும்படி முஸ்லிமல்லாதவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பின்னர் அவர்களது கருத்தை வாய்மொழியாகக் கேட்கவில்லை. கணிப்பொறியின் முன் அமர்த்தினர். முஸ்லிம்களைக் குறிக்கும் சொல்லுக்கும் இனிய சொல்லுக்கும் ஒரே பொத்தானை அழுத்த நேரும்போது விரல் எவ்வளவு தயங்குகிறது என்று அளக்கும் சோதனை அது. நாவு மறைப்பதை விரல் காட்டிவிடும் என்பது அதன் அடிப்படை. கற்பனைச் சந்திப்பை முடித்தவர்களிடம் அத்தயக்கம் குறைவாக இருந்தது.

அதே ஆண்டில் கிரிஸ்ப் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, அச்சந்திப்பு எந்த நாளில், எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கச் சொன்னது. அவ்வாறு விவரமாகக் கற்பனை செய்தவர்களிடம் முஸ்லிம்களுடன் பேசிப் பழகும் விருப்பம் மேலும் கூடியிருந்தது.

நம்மை நல்லவராகக் கற்பனை செய்து பார்ப்பதற்கும் ஒரு பயிற்சி தேவைப்படுகிறதே என்ற வருத்தம் வாசகருக்கு எழலாம். நியாயமான வருத்தமே. ஆயினும் இம்மருந்து ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று. பிற சமயத்தாரையும் பிற சாதியாரையும் பற்றி நம் வீட்டுக் கூடங்களிலும் யோசனையின்றி உதிரும் சொற்கள் உண்டு. பிள்ளைகள் அவற்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இத்தாலியில் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களிடம் மூன்று வாரங்கள் இப்பயிற்சி நடத்தப்பட்டது. முன்பின் அறியாத, வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஒரு குழந்தையுடன் பல்வேறு சூழல்களில் இனிமையாகப் பழகுவதாக அவர்கள் கற்பனை செய்தனர். 2012இல் வெளியான முடிவுகள் அச்சிறுவர்களின் உள்மனப் போக்கு இளகியதைக் காட்டின.

இதனைச் சர்வரோக நிவாரணியாக எண்ணிவிடலாகாது. நாளையும் இடத்தையும் எண்ணச் சொன்ன அந்த ஆய்வையே பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 36 குழுக்களில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் மீண்டும் செய்து பார்த்தனர். முதலில் கண்ட பலனில் ஒரு சிறு பகுதியே அவர்களுக்குக் கிடைத்தது. 2014இல் இது வெளியாயிற்று. ஆகவே கற்பனையை ஒரு முன்னோட்டமாகக் கொள்வதே பொருந்தும். அண்டை வீட்டுக் கதவைத் தட்டுமுன் கைநடுக்கத்தைச் சற்றுக் குறைக்கும்; கதவை அது தட்டாது.

நேர்ப்பழக்கமும் எளிதில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதில்லை. ஐ.எஸ். அமைப்பினரால் 2014இல் வீடிழந்து வெளியேறிய இராக்கியக் கிறிஸ்தவ இளைஞர்களைக் கொண்டு சல்மா மூசா என்னும் ஆய்வாளர் கால்பந்துப் போட்டிகள் நடத்தினார். சில அணிகளில் கிறிஸ்தவர் மட்டுமே. மற்றவற்றில் முஸ்லிம் வீரர்களும் சேர்க்கப்பட்டனர். 2020இல் வெளியான முடிவுகளின்படி, கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள், சிறந்த பண்புக்கான விருதுக்கு வேற்று அணியின் முஸ்லிம் வீரருக்கும் வாக்களிக்க அதிகம் முன்வந்தனர். ஆறு மாதங்களுக்குப் பின்னரும் முஸ்லிம்களுடன் சேர்ந்து பயிற்சி செய்தனர். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசுல் நகருக்குச் சென்று ஓர் உணவகத்தில் உண்பதில், முஸ்லிம்களுடன் ஆடியவர்க்கும் ஆடாதவர்க்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை.