சுவரை எடுத்தாச்சு... ஹாலை எப்படி அடுக்குறது? பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுந்தரபாண்டியம் மாதிரி ஓர் ஊரில் பழைய வீட்டுக்குள் நுழைந்தால் வரிசை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். திண்ணை, முன்னறை, அதற்குப் பின்னால் இன்னோர் அறை, அப்புறம் அடுப்படி, கடைசியில் புறவாசல். அகலம் குறைவு, நீளம் அதிகம். கைத்தறி ஊர் என்பதால் தறி இருந்த வீடுகளில் முன்னறை தறிக்குப் போனது. குடும்பம் பின்னறையில் படுத்து எழுந்தது.

இன்றைக்குத் தறி நின்றுபோன வீடுகள் நிறைய. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போய்விட்டார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு யோசனை முளைக்கும். ‘நடுச்சுவரை எடுத்துட்டா பெரிய ஹால் கிடைக்குமே!’ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் இதே கதைதான். கொத்தனார் வந்து சுவரை எடுத்துக் கொடுத்துவிடுவார். புது சோஃபாவும் டி.வி-யும் வந்து இறங்கும். எல்லாவற்றையும் சுவரோரமாகத் தள்ளி வைத்துப் பார்த்தால், ஹால் ரயில் பெட்டி மாதிரி நிற்கும். ‘சுவர் இருந்தப்பவே நல்லா இருந்துச்சு’ என்று ஆச்சி முணுமுணுப்பார்.

ஆச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது. அந்தச் சுவருக்கு மூன்று வேலைகள் இருந்தன. மேல்தளத்தைத் தாங்கியது. வந்தவர்களையும் வீட்டு ஆட்களையும் பிரித்து வைத்தது. போட்டோ, மாடவிளக்கு, அலமாரி, சுவிட்ச் போர்டு என்று பொருள்களைச் சுமந்தது. சுவர் போய்விட்டாலும் இந்த மூன்று வேலைகளும் போகாது. எந்த வேலையை எதனிடம் ஒப்படைக்கிறோம் என்பதில்தான் ஹால் அமைப்பதன் சூட்சுமமே இருக்கிறது.

முதலில் மேலே பாருங்கள்

சோஃபா வாங்குவதற்கு முன்னால் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். பழைய வீடுகளில் பலவும் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில் கட்டப்பட்டவை. தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைக் குறுக்குச்சாய்வாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் பதித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கனமான தளம் இருக்கும். இந்த எடை முழுவதையும் கட்டைகளின் இரண்டு முனைகளும் உட்கார்ந்திருக்கும் சுவர்கள்தான் தாங்குகின்றன.

கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். அவை நடுச்சுவரின்மேல் வந்து உட்கார்ந்திருந்தால் அது சுமை தாங்கும் சுவர். பக்கத்துச் சுவரிலிருந்து எதிர்ப் பக்கத்துச் சுவருக்கு ஓடினால், நடுச்சுவருக்குச் சுமை குறைவாக இருக்கலாம். ‘இருக்கலாம்’தான். மச்சில் ஓர் அறை இருந்தாலோ, தண்ணீர்த் தொட்டி இருந்தாலோ கணக்கே மாறிவிடும். அதனால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்துக் காட்டாமல் சுவரில் கை வைக்காதீர்கள். இங்கிலாந்தில் பழைய வரிசை வீடுகளின் முன்னறையையும் பின்னறையையும் ஒன்றாக்குவது சர்வசாதாரணம். அங்கேயும் சுமை தாங்கும் சுவரை எடுக்க, கட்டட விதிகளின்படி ஒப்புதல் வாங்கியாக வேண்டும். நம் ஊரிலும் வேலையைத் தொடங்கும் முன் பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவர் ஏற்கெனவே போய்விட்டதா? அது இருந்த இடத்தில் இரும்பு கர்டரோ கான்கிரீட் பீமோ இருக்கிறதா, அதன் இரண்டு முனைகளும் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர் இருக்கும். கர்டர் அதன்மேல் ஏறியிருந்தால் அது அவர்கள் வீட்டுப் பிரச்னையும்தான். மூலையிலிருந்து சாய்வாக ஓடும் புது விரிசல், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, நடுவில் லேசாகத் தொய்ந்த கூரை... இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் ஹால் அலங்காரத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

தறிக்குழி எங்கே இருந்தது?

நெசவு ஊர்களுக்கே உரிய கேள்வி இது. குழித்தறியில் நெய்பவர் மிதிகட்டையை மிதிக்கத் தரையில் குழி வெட்டியிருப்பார்கள். தறியைக் கழற்றியபோது கையில் கிடைத்த மண்ணையும் செங்கல் உடைசலையும் கொட்டி மூடி, மேலே சிமென்ட் பூசிய வீடுகளில் வருஷங்கள் போகப்போக உள்ளே மண் இறங்கும். அந்த இடத்தில் பீரோவை வைத்தால் ஒரு கால் மட்டும் இறங்கி, பீரோ சாயும்.

பெரியவர்களிடம் கேட்டால் குழி இருந்த இடத்தைச் சரியாகக் காட்டிவிடுவார்கள். ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். ‘பொத்’தென்று பொள்ளல் சத்தம் வந்தால் தரையை உடைத்துப் பழைய மண்ணை எடுத்துவிட்டு, அரை அடி அரை அடியாக மண் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும். அப்புறம்தான் கான்கிரீட். உள்ளே பழைய மரத்துண்டு கிடந்தால் எடுத்துவிடுங்கள், கரையானுக்கு அது விருந்து.

நடுச்சுவர் இருந்த இடத்திலும் தரையில் ஒரு பட்டை வெறுமையாக நிற்கும். ஒருபக்கம் சிவப்பு ரெட் ஆக்ஸைடு, மறுபக்கம் சாதா சிமென்ட் என்று இருந்தால் இரண்டையும் ஒரே நிறமாக்க முயல வேண்டாம். பழைய ரெட் ஆக்ஸைடு பல வருஷம் கால்பட்டு மினுங்குவது. புதுப்பூச்சு பக்கத்தில் நின்றால் ஒட்டாது. அந்தப் பட்டையை மட்டும் ஆத்தங்குடி கல்லாலோ கறுப்பு நிறப் பூச்சாலோ நிரப்பிவிடுங்கள். திட்டமிட்டுச் செய்த கரை மாதிரி இருக்கும். இரண்டு தரைக்கும் ஓர் அங்குலம் ஏற்ற இறக்கம் இருந்தால் அதைக் கண்டிப்பாகச் சரிசெய்யுங்கள். பெரிய படியில் யாரும் விழ மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத சின்ன மேட்டில்தான் கால் இடறும்.

கோலமாவு எடுங்க, வரைஞ்சு பாருங்க

ஹால் 10 அடி அகலம், 22 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் குறிக்க வேண்டியது நடைபாதை. வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் 3 அடி அகலத்துக்குக் கோலமாவால் இரண்டு கோடு இழுங்கள். அதற்குள் எந்தப் பொருளும் வரக் கூடாது. தண்ணீர்க் குடத்தோடு வருபவர், காஸ் சிலிண்டர் தூக்கி வருபவர், தாங்கிப் பிடித்து நடக்கும் பெரியவர் எல்லோருக்கும் அதுதான் பாதை. பழைய வீடுகளில் முன்வாசலும் புறவாசலும் நேர்கோட்டில் இருந்தால் காற்றுக்கும் அதுவே பாதை. மலையடிவாரத்து ஆடிக் காற்றை மறித்து பீரோவை வைத்துவிட்டு ஏ.சி-க்குக் கணக்குப் போட வேண்டாமே!

இப்போது மீதியைக் கணக்கிடுங்கள். சோஃபாவுக்கு 3 அடி ஆழம். அதற்கும் டீப்பாய்க்கும் நடுவில் ஒன்றேகால் அடி. டீப்பாய்க்கு ஒன்றரை அடி. ஆக, ஐந்தே முக்கால் அடி போயிற்று. நடைபாதை 3 அடியையும் சேர்த்தால் எட்டே முக்கால். எதிர்ச்சுவரில் மிச்சம் ஒன்றேகால் அடிதான். அதில் ஒல்லியான டி.வி ஸ்டாண்டு மட்டும் நிற்கும். கடையில் பார்த்த பெரிய ‘எல்’ வடிவ சோஃபா ஏன் இந்த வீட்டுக்குப் பொருந்தாது என்பது கோலமாவிலேயே தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத சுவர்

சுவரின் இரண்டாவது வேலை, ஆட்களைப் பிரிப்பது. பல வீடுகள் கோட்டை விடுவது இங்கேதான். பின்னறை யாருடையதாக இருந்தது? பெரும்பாலும் ஆச்சியுடையதாகவோ அப்பத்தாவுடையதாகவோ இருக்கும். மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர்வது, சேலை மாற்றுவது, டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவது எல்லாம் அங்கேதான் நடந்தது. சுவரை எடுத்த அன்றைக்கு, தெருவில் போகிறவர் வாசல் வழியாகப் பார்த்தால் அவர் கட்டில் தெரிகிறது. ஹால் பெரிதான கணக்கில் அவருக்கு இருந்த ஓர் அறை போய்விட்டது. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்.

அதனால் 22 அடியையும் ஒரே அறையாக நினைக்காதீர்கள். முன்பாதி விருந்தினருக்கு, பின்பாதி வீட்டுக்கு. சுவர் இருந்த கோடே எல்லை. அந்தக் கோட்டில் மூன்று அல்லது மூன்றரை அடி உயரமுள்ள ஷெல்ஃப் வைக்கலாம். படுத்திருப்பவரை மறைக்கும், வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்காது. முன்னும் பின்னும் மட்டும் ஜன்னல் உள்ள வீட்டில் ஆளுயர பீரோவை அங்கே நிறுத்தினால் நடு ஹால் இருட்டாகிவிடும். பீமுக்குக் கீழே ஒரு திரைக் கம்பியும் போட்டுவிடுங்கள். நெசவு ஊரில் திரைத்துணிக்குப் பஞ்சமா என்ன! பருத்தித் திரையை வேண்டும்போது இழுத்தால் பின்பாதி மறுபடியும் அறையாகிவிடும்.

பெரியவரின் கட்டில், வாசலுக்கு நேர்கோட்டில் வராமல் புறவாசல் பக்கமாக இருக்கட்டும். கழிப்பறை பின்னால் இருந்தால் ராத்திரி நடை குறையும். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரம் கட்டிலுக்குப் போதும், அது சுமார் ஒன்றரை அடி. படுத்தபடி கைக்கு எட்டும் ஒரு சுவிட்ச், ஒரு சின்ன ராவிளக்கு, டிரங்குப் பெட்டி. இத்தனையும் முதலில் முடிவாக வேண்டும். டி.வி எங்கே என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபேன், டி.வி, சுவர்ப்பூச்சு

ஒரு 1,200 மி.மீ ஃபேன் 10-க்கு 12 அடி அறைக்குச் சரியாக இருக்கும். 22 அடி ஹாலுக்கு இரண்டு ஃபேன் வேண்டும். நடுவில் பீம் இறங்கியிருந்தால் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் போகாது. பழைய வீட்டில் கூரை உயரம் அதிகம் என்பதால் நீளமான ராடு போட்டு, இறக்கை தரையிலிருந்து சுமார் 8 அடி உயரத்தில் வருவதுபோல் மாட்டுங்கள். ஃபேன் கொக்கி மாட்டும் கட்டையில் கரையான் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனி சுவிட்ச் அவசியம். ஆச்சி தூங்கும்போது இவர்கள் லைட் போடலாம். சுவரோடு வயரிங்கும் மாறுகிறது என்பதால், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி-யையும் சேர்த்தே வைத்துவிடுங்கள்.

43 இன்ச் டி.வி என்றால் ஆறு முதல் ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பது வசதி. ஜன்னலுக்கு நேர் எதிரில் வைத்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும். பெரிய ஹாலில் சத்தம் எதிரொலிப்பதும் சகஜம். திரைத்துணியும் ஒரு பவானி ஜமக்காளமும் போட்டால் பாதி அடங்கிவிடும்.

சுவரை வெட்டிய இரண்டு ஓரங்களையும் வெறும் சிமென்ட் வைத்துப் பூசினால், சுண்ணாம்புச் சுவரிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்த இடம் மட்டும் உப்புப் பூத்து உதிரலாம். சுண்ணாம்புக் கலவையே அங்கே சரி. அந்தச் சுவர் சுமந்த குடும்பப் படங்களை நாலா பக்கமும் ஆணியடித்துத் தொங்கவிடாமல், பக்கச்சுவர் ஒன்றில் மொத்தமாக ஓரிடத்தில் மாட்டுங்கள். எடுத்த நிலையையும் கதவையும் பழைய மரக்கடைக்கு எடைபோட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல மரமாக இருந்தால் அந்த ஷெல்ஃபுக்கோ பெஞ்சுக்கோ ஆகும்.

காலி இடமும் ஒரு சாமான்தான்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கினால் எங்கே படுப்பார்கள்? பின்பாதியில் சுவரோரம் ஒரு கட்டில் 3 அடி போக, 7 அடி அகலமும் 11 அடி நீளமும் மிஞ்சும். குறுக்காக விரித்தால் நான்கு பாய் கொள்ளும். அந்த ராத்திரி மட்டும் நடைபாதை அடைபடும். கட்டில் புறவாசல் பக்கம் இருப்பதால் ஆச்சி யாரையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. அங்கே கனமான டைனிங் டேபிளைப் போட்டுவிட்டால் இந்த வசதி போய்விடும். மடக்கு மேஜை போதும். சாப்பிட, பிள்ளைகள் படிக்க, விசேஷத்துக்கு மடக்கி வைக்க என எல்லாவற்றுக்கும் தோதாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. சுவரை எடுத்த கையோடு கடைக்கு ஓடாதீங்க. பழைய நாற்காலி, பழைய கட்டிலோடு ஒரு மாதம் அந்த ஹாலில் இருந்து பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது, பிள்ளைகள் எங்கே போய் உட்காருகிறார்கள், பெரியவர் நாற்காலியை எந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று கவனியுங்கள். எந்தச் சாமானை எங்கே வைப்பது என்பதை அந்த ஒரு மாதமே உங்களுக்குச் சொல்லிவிடும்.