காமன் கூத்து: காணத்தக்கதோர் இருட்கதை

அச்சமும் அவலமும் கலந்த கதைகளை நாடுவது மனித இயல்பு. ஜப்பானியரான கென்தாரோ மியூரா 1989ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பெர்செர்க்’ என்னும் சித்திரத் தொடர்கதை, பேயும் சாபமும் பழியும் நிறைந்தது. 1997ஆம் ஆண்டில் அஃது அசையும் சித்திரமாகத் தொலைக்காட்சிக்கும் வந்தது. ஏட்டில் படித்த கதையைத் திரையிலும் காண உலகெங்கும் இளைஞர் விரும்பினர்.

ஏட்டிலும் ஆட்டத்திலும் இவ்வாறு இரு வடிவில் வாழும் இருட்கதை ஒன்று மலையகத் தமிழருக்கும் உண்டு. பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் வளரும் இளைஞர், தொலைவிலுள்ள கதைகளைத் தேடுமுன் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது. அதுவே காமன் கூத்து.

இக்கதையின் ஏட்டு வடிவைக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில், உற்பத்தி காண்டத்துக் காமதகனப் படலத்தில் காணலாம். சிவபெருமான் மோனத்தில் அமர்ந்திருக்கிறார். அசுரரால் தேவர்கள் துன்புறுகின்றனர். சிவனுக்கு ஒரு மைந்தன் தோன்றினாலன்றி அவர்களுக்கு விடிவில்லை. ஆகவே மோனத்தைக் கலைக்கும்படி காமனை ஏவுகின்றனர். காமன் அஞ்சி மறுக்கிறான். போகாவிடில் சாபம் என்று பிரமன் அச்சுறுத்துகிறான். வேறு வழியின்றிச் சென்று மலர்க்கணை தொடுத்தவன், நெற்றிக்கண் நெருப்பில் சாம்பலாகிறான். இரதி அழுது புலம்புகிறாள்.

இக்கதையைத் தமிழகத்திலிருந்து கொணர்ந்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளர். மாயூரத்திற்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கையே காமனை எரித்த தலம் என்பது தமிழகத்து மரபு. தஞ்சை வட்டாரத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து இரவெல்லாம் இலாவணி பாடி வாதிடும் வழக்கமும் இருந்தது.

மலையகத்தில் இக்கூத்து மேடை நாடகம் அன்று. தோட்டம் முழுவதும் நடத்தும் சடங்கு. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று முதல் இரவுதோறும் தப்பு முழங்கும். நேர்த்தி வைத்த ஆடவர் காமனாகவும் இரதியாகவும் வேடம் புனைவர். ஓலை கொண்டு தூதன் வருவான். வீரபத்திரனும் எமனும் அச்சமூட்டும் கோலத்தோடு இருளிலிருந்து வெளிப்படும்போது, குழந்தைகள் தாயின் சேலைக்குள் ஒளிவர். இறுதி இரவில் காமன் எரிக்கப்படுவான். இரதியின் புலம்பல் எழும்போது, வேடம் என்பதை மறந்து பெண்களும் கண்ணீர் விடுவர்.

அக்கண்ணீருக்குக் காரணம் உண்டு. காமன் தானாக விரும்பிச் சென்றவன் அல்லன். மேலோர் ஏவியதால் சென்று மடிந்தவன். மறுத்தாலும் கேடு, சென்றாலும் கேடு என்னும் நிலை தோட்டத் தொழிலாளருக்குப் புதியதன்று. மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களுள் பலர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டனர். அவர்களுக்கு முறையான இறுதிக்கடனும் இல்லை. ஒப்பாரி வைக்க உறவும் இல்லை. ஆண்டுதோறும் இரதியின் வாயிலாக எழும் ஒப்பாரியில், அழுது தீராத அத்துயரமும் கலந்திருக்கிறது என்று கொள்வது பொருந்தும்.

எனினும் கதை சாம்பலோடு முடிவதில்லை. காமன் உயிர்த்தெழுகிறான். ஆனால், அவன் உருவம் இரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படும். பிறருக்கு அவன் உருவிலி. இழந்தவரை முழுமையாக மீட்கவும் இயலாது, முற்றாக இழந்துவிடவும் இல்லை என்னும் இம்முடிவு, கதைக்கு ஆழம் தருகிறது.

இதனைக் காண விரும்புவோர் எரியும் இரவுக்கு மட்டும் சென்று திரும்பலாகாது. முதலில் காமதகனப் படலத்தைப் படித்தல் நன்று. பின்னர் கம்பம் ஊன்றும் நாளிலேயே சென்று, பாட்டும் தப்பின் அடிகளும் நாளுக்கு நாள் மாறுவதைக் கேட்க வேண்டும். எரிந்தபின் உயிர்ப்பித்தல் வரையிலும் காத்திருக்க வேண்டும். தெரிந்த முதியவர் அருகில் இருந்தால், பாட்டின் பொருளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். பாடுவோர் பலர் வாய்வழியாகக் கற்றவர்கள். இளைஞர் நகரங்களுக்குத் தொழில் தேடிச் செல்லும் இந்நாளில், அவர்களிடம் கேட்டறியும் காலம் நீண்டிராது.