பெயரா, பாடமா? சட்ட முதுமாணிக்குப் புறப்படும் கொழும்புப் பிள்ளைகளுக்கு

2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன; 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. கப்பல் மூழ்கியது, கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின, மீனவர்கள் வள்ளம் இறக்க வழியில்லாமல் நின்றார்கள். தீ அணைந்த பிறகு சட்டச் சண்டை தொடங்கியது. லண்டன் கடற்றுறை நீதிமன்றத்தில் உரிமையாளரின் பொறுப்பு ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் பவுணுக்குள் மட்டுப்படுத்தப்பட்டது. இலங்கை அரசு 2023இல் சிங்கப்பூரில் வழக்குத் தொடுத்தது. 2025 ஜூலையில் புதுக்கடையில் எமது உயர் நீதிமன்றமோ 100 கோடி டொலர் இழப்பீடு கட்டும்படி உத்தரவிட்டது.

ஒரே கப்பல், ஆனால் இரண்டு தொகைக்கும் இடையில் மலையளவு வித்தியாசம். கப்பலின் கொள்ளளவைக் கணக்கிட்டு உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு கட்டும் சர்வதேசச் சமவாயம் ஒன்று இருக்கிறது. லண்டனில் தொகை சுருங்கியதற்கு அந்த உச்சவரம்பே காரணம். இத்தகைய வழக்கை நுணுக்கம் தெரிந்து நடத்தக்கூடியவர்கள் இந்த நாட்டுக்கு இன்னும் பலர் வேண்டும்.

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து துறைமுகம் நடந்து போகிற தூரம்தான். அங்கே வளர்ந்து, சட்டமாணி முடித்து, முதுமாணிக்கு விண்ணப்பம் நிரப்பும் பிள்ளையிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி “எந்த யூனிவர்சிற்றி?” என்பதுதான். “என்ன பாடம்?” என்று கேட்பவர் அரிது. வெள்ளவத்தையிலும் இதே கதைதான். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளின் அடுக்குமாடிகளில் முடிவெடுப்பவர்கள் தாய் தகப்பன் மட்டுமல்லர். கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனின் ஹரோவிலும் இருக்கும் பெரியப்பா, சித்தப்பாமாரும் வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் மூன்று நான்கு. அந்தப் பட்டியலில் இல்லாத இடம் படிக்கத் தகுதியற்ற இடமாகிவிடுகிறது. பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். 1983 இனக்கலவரத்தில் வீடும் கடையும் எரிந்ததைப் பார்த்த தமிழ்ச் சமூகம் இது; எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய சொத்து படிப்பு ஒன்றுதான் என்று நம்புகிறது. ஊர் அறிந்த பெயர் அந்தச் சொத்துக்கு முத்திரை என்றும் நினைக்கிறது.

ஆனால் எங்கள் முன்னோடிகளைப் பாருங்கள். சட்டத்தரணி நீலன் திருச்செல்வம் ஹாவர்டுக்குப் போனார். முதுமாணியும் கலாநிதியும் அங்கே பெற்றார். அத்தனை பெரிய நூலகத்தில் அமர்ந்து அவர் தேர்ந்த பொருள், இலங்கைக் கிராமங்களில் சாதாரண மக்கள் பங்கேற்கும் நீதி மன்றங்கள். அந்த ஆய்வு 1984இல் நூலாகவும் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கொழும்பில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1999 ஜூலை 29ஆம் திகதி இதே கொழும்பில் கொல்லப்படும்வரை அதிகாரப் பகிர்வையும் அரசியலமைப்பையும் விட்டு அவர் விலகவில்லை. சட்டப் பேராசிரியர் முத்துக்குமாரசுவாமி சொர்ணராஜா யேலிலும் லண்டனிலும் படித்தவர். ஆனால் அவரை உலகம் அறிவது வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் பற்றி 1994இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட நூலால்தான். மூலதனம் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் வாதத்துக்கு எதிரே, அதைப் பெறும் ஏழை நாடுகளின் பக்கம் நின்று வாதிட்டவர் அவர். இருவருக்கும் பெயரும் இருந்தது, பாடமும் இருந்தது, நிலைத்தது பாடம்.

பெயருக்குப் பெறுமதியே இல்லை என்று சொன்னால் அது பொய். ராதிகா குமாரசுவாமி யேல், கொலம்பியா, ஹாவர்ட் மூன்றிலும் படித்தவர். 1994இல் பெண்களுக்கு எதிரான வன்முறை தொடர்பான ஐ.நா.வின் முதலாவது விசேட அறிக்கையாளரானார். சர்வதேச நிறுவனங்களிலும் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிகளிலும் பெரிய பெயர் கதவைத் திறக்கும். நியூயோர்க்கில் சட்டத் தொழில் செய்ய விரும்புகிறவருக்கும் அமெரிக்க முதுமாணி அங்குள்ள பரீட்சைக்கு வழிவிடும். அங்கேயே தங்குவது என்று தீர்மானித்தவர்கள் பெயரைத் தேடுவதில் நியாயம் உண்டு.

திரும்பி வருகிறவரின் கணக்கு வேறு. புதுக்கடையில் கறுப்புக் கோட்டுடன் நிற்க முதுமாணி தேவையே இல்லை. சட்டக்கல்லூரித் தேர்வும் தொழிற்பயிற்சியும் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணமும் போதும். ஆகவே வெளிநாட்டில் முதுமாணிக்குச் செலவிடும் ஓராண்டு உங்களுக்குத் தர வேண்டியது, பக்கத்து மேசைச் சட்டத்தரணியிடம் இல்லாத ஒரு திறமையை. பிரித்தானிய அரசின் சீவ்னிங் புலமைப்பரிசில் பெறுகிறவர் படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இரண்டு ஆண்டுகளில் கொழும்பில் யார் உங்களைத் தேடி வருவார்கள் என்று யோசித்துவிட்டுப் பாடத்தைத் தேருங்கள்.

கப்பல் சட்டம் என்றால் சவுத்ஹாம்டன், சுவான்சி. மால்ட்டாவில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1988இல் தொடங்கிய சட்ட நிறுவனமும் இருக்கிறது. அங்கே பாதி இடங்கள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. வான், விண்வெளிச் சட்டத்துக்கு மொன்றியலில் மக்கில், நெதர்லாந்தில் லைடன். மனித உரிமைக்கு எசெக்ஸ். வெள்ளவத்தை வரவேற்பறைகளில் இவற்றில் பாதிப் பெயர்கள் எடுபடாது. அந்தந்தத் துறையில் வழக்காடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், உடனே தெரியும்.

தேர்வதற்கு முன் சில வேலைகள் உண்டு. விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு, வரும் ஆண்டு உண்மையிலேயே நடக்கப்போகும் பாடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கற்பிப்பவர் யார், அந்த ஆண்டு அவர் விடுப்பில் இருப்பாரா என்று எழுதிக் கேளுங்கள். பெரிய பெயருள்ள இடத்தில் உங்கள் துறைக்கு ஒரேயொரு பாடம்தான் இருக்கிறதென்றால், மீதி ஆண்டு முழுவதும் வேறு எதையோ படித்துவிட்டு வருவீர்கள்.

காசையும் மறக்கக் கூடாது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே ஆண்டில் 300 ரூபாவைத் தாண்டியது. கொழும்புப் பல்கலைக்கழக சட்ட பீடத்திலும் முதுமாணி உண்டு. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இரண்டு அனுமதிக் கடிதங்கள் கையில் இருந்து, ஒன்றில் பெயரும் மற்றதில் பாடமும் இருந்தால், ஊர் திரும்ப எண்ணுகிறவர் பாடத்தையே எடுக்கட்டும். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: புலமைப்பரிசில் இல்லாமல், வெறும் பெயருக்காக, இருக்கிற வீட்டை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.