மாடியில் இரண்டு சிலேட்டு

பக்கத்து நாற்காலிக்காரரின் சந்தேகத்தைத் தீர்த்து வைக்க நமக்கு என்ன செலவு? பத்து நிமிஷம். அதைக் கொடுக்கத்தான் எத்தனை யோசனை!

1912-ல் சென்னைத் துறைமுக ஆபீசில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். காலேஜ் பரீட்சையில் தேறாதவர். பெயர் ராமானுஜன்.

தலைமைக் கணக்கர் நாராயண ஐயருக்கும் கணிதம் என்றால் உயிர். இரவில் தம் வீட்டு மாடியில், குமாஸ்தாவோடு சரிசமமாக உட்கார்ந்து விடுவார். ஆளுக்கொரு சிலேட்டு. ராமானுஜன் இரண்டே வரியில் விடைக்குத் தாவி விடுவார். தமக்கே புரியவில்லையே, மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று, நடுவே பத்துப் படியாவது எழுதச் சொல்வாராம் ஐயர். 'எனக்குப் புரியவில்லை' என்று தம் கீழ் வேலை பார்ப்பவரிடம் ஒப்புக்கொள்ள எத்தனை மேலதிகாரிகளுக்கு மனசு வரும், சொல்லுங்கள்!

வீட்டிலும் அப்படித்தான். கணக்கு தடைப்படாமல் இருக்க, பிசைந்த சோற்றைக் கையில் வைப்பார்களாம் பெண்கள்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. 1918-ல் அந்தக் குமாஸ்தா ராயல் சொசைட்டி அங்கத்தினர்!

"புதிதாக ஒருத்தன் வந்திருக்கிறான், சந்தேகம் கேட்டே உயிரை வாங்குகிறான்" என்று உங்கள் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டால், காபியை ஆற்றிக்கொண்டே இந்த மாடிக் கதையைச் சொல்லிப் பாருங்களேன்.