தறியும் தானியமும்: ஒரு ஸ்காட்லாந்து நெசவாளர் சங்கத்தின் வரலாறு

தர்மபுரி வட்டாரத்தின் நிலவரி வரலாற்றை அறிந்தோர் தாமஸ் மன்றோவின் பெயரை அறிவர். 1792ஆம் ஆண்டில் பாராமகால் கும்பினியாரின் ஆட்சிக்கு வந்தபோது, அலெக்ஸாண்டர் ரீட் என்பாரின் உதவியாளராக இங்கு வந்து, 1799 வரை பணியாற்றி, ரயத்துவாரி முறைக்கு அடிகோலியவர்களுள் அவர் ஒருவர். அவர் பிறந்தது ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், 1761ஆம் ஆண்டில். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், அந்நகருக்குத் தெற்கே ஃபென்விக் என்னும் சிற்றூரில் கைத்தறி நெசவாளர் சிலர் ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் வரலாறு நம் அங்கத்தினர்கள் அறியத்தக்கது.

நேர்மையாக நெய்வது, அக்கம்பக்கத்து ஊர்களில் வழங்கும் கூலிக்கு மேல் கேளாதிருப்பது, வறியோருக்கு உதவப் பொதுநிதி சேர்ப்பது ஆகியவற்றை அவர்கள் விதிகளாக ஏற்றனர். 1769இல் உணவுப்பொருளிலும் கவனம் செலுத்தினர். குளிர் மிகுந்த அந்நாட்டில் ஏழைகளின் அன்றாட உணவு ஓட்ஸ் என்னும் தானியம். நாம் கேழ்வரகு மாவைக் கிண்டிக் களி உண்பதுபோல, அவர்கள் அதன் மாவைக் கொதிநீரில் கிண்டி உண்பர். சில்லறையாக வாங்கினால் விலை கூடுதல். ஆகையால், பொதுநிதியைக் கொண்டு மொத்தமாக வாங்கி, அங்கத்தினருக்குக் குறைந்த விலையில் பகிர்ந்தளித்தனர். ராச்டேல் நகரத்து முன்னோடிகள் கடை திறந்த 1844ஆம் ஆண்டுக்கு இது 75 ஆண்டுகள் முந்தியது.

அந்நாட்டு நெசவுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. கிளாஸ்கோவை அடுத்த பெய்ஸ்லி நகர நெசவாளர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசுமீரச் சால்வையைப் பார்த்து நெய்யலாயினர். சேலையில் நாம் மாங்காய் என்று கூறும் உருவத்தை மேனாட்டார் இன்றும் அந்நகரின் பெயராலேயே வழங்குகின்றனர். 1813இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சாட்சியம் அளித்த மன்றோவோ, தாம் ஏழாண்டுகள் பயன்படுத்திய இந்தியச் சால்வை பெரிதும் மாறவில்லை என்றும், ஐரோப்பியச் சால்வையை இனாமாகக் கொடுத்தாலும் தாம் பயன்படுத்தப்போவதில்லை என்றும் கூறினார்.

ஆயினும், விசைத்தறி பரவியபோது கைத்தறிக் கூலி வீழ்ந்தது. 1839இல், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து செல்வோருக்கு உதவவும் ஃபென்விக்கில் ஒரு சங்கம் அமைக்க நேர்ந்தது. நெசவாளர் சங்கம் 1873இல் கலைக்கப்பட்டது. உணவுச் செலவைக் குறைத்த சங்கத்தால் துணிக்குச் சந்தை தேடித்தர இயலவில்லை.

இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. முதலாவது, கூலி உயராத காலத்தில் மொத்தக் கொள்முதல் குடும்பத்தைத் தாங்கும். தர்மபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023இல் தொடங்கிற்று. அதற்கு மேல் தேவைப்படுவதை, நெசவாளர் சங்கங்கள் அறுவடைக் காலத்தில் நம் விவசாய அங்கத்தினரிடமே ஒருங்கே வாங்கலாம். இரண்டாவது, துணி விற்பனையை ஓர் ஊர்ச் சங்கம் தனித்துச் செய்ய இயலாது. அதற்கென்றே 1935இல் கோ-ஆப்டெக்ஸ் அமைந்தது. அங்கு அனுப்பும் துணியில் நீள அகலமும் சாயமும் பிசகாமல் காப்பது நெய்பவரின் பொறுப்பு. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் எடுத்துப் பேசி முடிவு செய்வார்களாக.