வேகமும் வேகத்தடையும் – 11: லிங்கனுக்குப் போன பெருங்களத்தூர் சரக்கு

சென்ற வாரம் வரியோடு நின்றது. விஜய்யின் ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட், நுழைவு வரி வழக்கு, 2021 ஜூலையில் தனி நீதிபதி விதித்த ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அதே மாதம் டிவிஷன் பெஞ்ச் கொடுத்த தடை… தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம்.

இந்த வாரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த விஷயம் டயரும் ஷாக் அப்சார்பரும். அடையாறிலிருந்து தி.நகர் வரை தினமும் போய்வரும் ஒரு விலையுயர்ந்த செடானின் அடிப்பாகம் என்ன பாடுபடுகிறது என்று எழுதுவதாகத் திட்டம். எழுத உட்கார்ந்த நேரத்தில் ஒரு சின்னத் தகவல் குறுக்கே வந்து விழுந்தது. வந்ததோடு போகாமல் பக்கத்தில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தை ஒட்டி ரிம்மர் பிரதர்ஸ் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. ட்ரையம்ஃப், எம்.ஜி., ரோவர் வகையறா பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு ஸ்பேர் விற்பது அதன் தொழில். ரோவர் எஸ்டி1 என்ற காருக்கான பாகங்கள், காரில் ஏறாமலே அலமாரியில் கிடந்த புதுச் சரக்கு, ஓரிடத்தில் தேங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. அந்த இடம் பர்மிங்ஹாமும் இல்லை, கவென்ட்ரியும் இல்லை. நம்முடைய பெருங்களத்தூர். ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டி, வண்டலூர் வருவதற்கு முன்னால்.

அதாவது, இங்கிலாந்துக்காரர் தன் நாட்டுக் காரை ஓடும் நிலையில் வைத்திருக்க மெட்ராஸிலிருந்து ஸ்பேர் போயிருக்கிறது. நாம் காலங்காலமாகச் செய்துவந்ததன் நேர் எதிர்த் திசை.

எஸ்டி1 ஏதோ ஒரு கார் இல்லை. 1976-இல் வெளிவந்தபோது ஐரோப்பாவே திரும்பிப் பார்த்த வண்டி. டேவிட் பேச் வரைந்த உருவத்தில் ஃபெராரி டேடோனாவின் சாயல் தெரியும். தாழ்ந்து நீண்ட மூக்கு. பின்பக்கம் கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் கதவு. உள்ளே மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரை சக்தி. 1977-க்கான ‘ஐரோப்பாவின் சிறந்த கார்’ விருது அதற்குத்தான் கிடைத்தது. 1982-இல் வந்த விட்டெஸ் மாடலில் 190 குதிரை சக்தி. பந்தயத் தடங்களிலும் ஜெயித்தது. பிரிட்டிஷ் போலீஸ் நெடுஞ்சாலையில் திருடர்களைத் துரத்த வைத்திருந்த வண்டிகளிலும் எஸ்டி1 உண்டு. குறை என்றால் துரு. வேலைநிறுத்தங்கள் மலிந்த காலத்தில், கவனக்குறைவாகப் பெயின்ட் அடிக்கப்பட்ட தகடு இங்கிலாந்தின் ஈரத்தில் சீக்கிரமே அரித்துப்போனது. இன்று அங்கே எஸ்டி1 வைத்திருப்பவர் முதலில் தேடி அலைவது இன்ஜினை விட, துருப்பிடிக்காத தகட்டைத்தான்.

அந்தக் கார் எப்படி மெட்ராஸுக்கு வந்தது?

ஊரிலேயே கார் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இங்கே மிகப் பழையது. 1894-லேயே பாரி கம்பெனி இயக்குநர் ஏ.ஜே. யார்க் அடையாறு பங்களாவிலிருந்து பாரிமுனை அலுவலகத்துக்கு மோட்டார் காரில் போய்வந்ததாக நகர வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். ஊரில் முதன்முதலில் பதிவான எம்.சி. 1 துறைமுகத்துக்குப் புகழ் சேர்த்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது. எம்.சி. 3 நம்பெருமாள் செட்டியாருடையது. ஹைகோர்ட்டையும் கன்னிமாரா நூலகத்தையும் கட்டிய அதே கட்டட ஒப்பந்ததாரர்தான். சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் அவர். இதெல்லாம் இறக்குமதி. ஆனால் 1903-இல், மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டிகள் கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் காரை உள்ளூரிலேயே செய்து காட்டிவிட்டார். செட்டியார் கதையைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம். இப்போது வேண்டாம்.

அந்த ஆசையின் சுதந்திர இந்தியப் பதிப்புதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-இல் தொடக்கம். முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் எயிட், டென், பென்னன்ட். 1961-லிருந்து ஹெரால்டு. ஹெரால்டின் நாலு கதவு மாடல் இங்கிலாந்தில் கிடையாது. மெட்ராஸில் மட்டுமே உருவானது. எழுபதுகளில் கேசல். அதோடு கார் உற்பத்தி படுத்துவிட்டது.

எண்பதுகளில் மாருதி வந்து எல்லோரையும் உலுக்கியது. பழைய கம்பெனிகள் மூன்றும் ஒரே வழியைப் பிடித்தன: வெளிநாட்டு உடம்பு, கைவசம் இருக்கும் அல்லது கைக்கு எட்டும் இன்ஜின். கல்கத்தாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாக்ஸ்ஹால் உடம்புக்குள் அம்பாசடர் இன்ஜினை வைத்து கான்டெஸா என்றது. பம்பாயில் பிரீமியர், ஃபியட் உடம்பில் நிசான் இன்ஜினை வைத்து 118என்.இ. என்றது. மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் எடுத்துக்கொண்டது ரோவர் எஸ்டி1. மூன்றிலும் அழகான உடம்பு யாருக்குக் கிடைத்தது என்பதில் சந்தேகமே வேண்டாம். 1985-இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ சாலைக்கு வந்தது. நம் ரோட்டுக்காகத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அதில் அந்தப் பதுங்கிய பார்வை போய்விட்டது. பரவாயில்லை, அடிப்பாகம் தப்பியது.

பானெட்டைத் திறந்தால்தான் அதிர்ச்சி. வி8 இருக்க வேண்டிய இடத்தில் வான்கார்டு காலத்து நாலு சிலிண்டர் இன்ஜின். 1991 சிசி. சுமார் 83 குதிரை சக்தி. இங்கிலாந்திலேயே 1982-லிருந்து ரோவர் 2000 என்று நாலு சிலிண்டர் எஸ்டி1 விற்றார்கள். அந்த ஏழை மாடலுக்கே நூறு இருந்தது.

கேலி செய்யுமுன் அந்த இன்ஜினைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் ஜாதகம் காரை விட சுவாரசியம். நாற்பதுகளின் கடைசியில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த இந்த இன்ஜின் குடும்பம் வான்கார்டு காரிலும் ஓடியது, ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது. ஐம்பதுகளில் ட்ரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஏறி, 90 குதிரை சக்தி காட்டியது. இத்தனை வேலைக்கு ஒரே இன்ஜின் ஈடுகொடுத்ததன் ரகசியம் வெட் லைனர். பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் சுவர் இதில் தனிக் குழாயாக இருக்கும். அதன் வெளிப்புறத்தைத் தொட்டுக்கொண்டே கூலன்ட் ஓடும். தேய்ந்துபோனால் பிளாக்கைக் கழற்றி போரிங் போட லேத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. பழைய லைனரை உருவிவிட்டுப் புதியதை இறக்கிவிடலாம். 85 மில்லிமீட்டர் துளை கொண்ட லைனர் போட்டால் 2088 சிசி. 83 மில்லிமீட்டர் என்றால் 1991 சிசி. இன்ஜினின் அளவையே சட்டை மாற்றுவதுபோல மாற்றலாம்.

பராமரிக்கிறவர் பக்கம் நின்று சொன்னால், மதுரைக்குப் போகிற வழியில் எந்த லாரி மெக்கானிக்கும் அஞ்சாமல் கை வைக்கக்கூடிய இன்ஜின் அது. ஓட்டுகிறவர் பக்கம் நின்று சொன்னால், பெரிய அநியாயம். வாங்க வந்தவர் நின்று பார்த்தது உடம்பை. வீட்டுக்கு ஓட்டிப்போனது இன்ஜினை. நல்ல விலை கொடுத்த கனவான்களுக்கு அந்த இரண்டும் ஒட்டவில்லை. பெட்ரோல் குடிக்கிறது என்ற கெட்ட பெயர் வேறு. 1988-இல் ஸ்டாண்டர்ட் 2000 நின்றது, கம்பெனியும் எழவில்லை. பெருங்களத்தூரில் இருந்த ஆலை வளாகம் 2006-இல் ஏலத்துக்குப் போனது. இன்று அந்த நிலத்தில் ஐ.டி. கட்டடங்கள்.

கார் நன்றாக விற்றிருந்தால் அந்தப் பாகங்கள் மிஞ்சியிருக்காது. விற்காததால் மிஞ்சியது; மிஞ்சியதால் லிங்கனுக்குப் போனது; அங்கே யாரோ ஒருவருடைய எஸ்டி1 துருவிலிருந்து பிழைத்தது. இங்கே ஸ்டாண்டர்ட் 2000 வாங்கியவருக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை ஸ்பேர் கடைகள்தான் கதி. இந்தத் தொடர் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதும் இதுதான், சலிக்காமல் இன்னொரு முறை: சொகுசுக் காரின் ஆயுள் அதன் இன்ஜின் அறையில் இல்லை, ஸ்பேர் அலமாரியில் இருக்கிறது. ஷோரூமில் எத்தனை விநாடியில் நூறு தொடும் என்று கேட்கிறவர்கள், பின் சஸ்பென்ஷன் ஆர்ம் எத்தனை நாளில் வரும் என்று கேட்பதில்லை.

பெருங்களத்தூரிலிருந்து அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் செங்கல்பட்டுக்கு முன் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. 2007 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ. அங்கே ஆலை திறந்தது. ஸ்டாண்டர்ட் 2000 நின்று இருபது வருஷம்கூட ஆகவில்லை. அதே சாலையில் இன்னொரு சொகுசுக் கார் முயற்சி. இந்த முறை உடம்பும் இன்ஜினும் ஒரே வீட்டுச் சரக்கு. 2021 மார்ச்சில் அங்கிருந்து வெளிவந்த எம்340ஐ, மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர், 387 குதிரை சக்தி. நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 4.4 விநாடி. மணிக்கு 250-இல் மின்னணுக் கடிவாளம். பெருங்களத்தூரின் 83-ஐயும் செங்கல்பட்டின் 387-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறிய கதை தெரியும். அந்த 387-ஐ எங்கே செலவழிப்பது என்பது வேறு விஷயம். 2023 நவம்பர் முதல் சென்னை மாநகரில் காருக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30 என்று போக்குவரத்துப் போலீஸ் வரம்பு வைத்திருக்கிறது.

அலமாரிக்கு வருவோம். 2015-இல் சச்சின் டெண்டுல்கர் அந்த ஆலைக்கு வந்து ஒரு 5 சீரிஸில் இன்ஜினைப் பொருத்தும் வேலையில் கை கொடுத்தார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. படத்துக்குப் பின்னால் இருந்த செய்தியைப் பலர் படிக்கவில்லை. உள்நாட்டுப் பாகங்களின் பங்கை ஐம்பது சதவீதம் வரை கொண்டுபோவதாகக் கம்பெனி அறிவித்த நிகழ்ச்சி அது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் கோத்துக் கொடுப்பது, ஆக்சில் இசட்.எஃப். ஹீரோவிடமிருந்து, சீட் லியரிடமிருந்து. ஆனால் சென்னையில் காருக்கு வருகிற நோய்கள் வேறு ரகம். சீட் கெட்டுப்போய் யாரும் சர்வீஸுக்குப் போவதில்லை. போவது புஷ்ஷுக்கும் கன்ட்ரோல் ஆர்முக்கும், நெளிந்த அலாய் ரிம்முக்கும், பேட்டரிக்கும்.

பேட்டரியைப் பற்றி மட்டும் இந்த வாரமே சொல்லிவிடலாம். மயிலாப்பூர் அபார்ட்மென்ட்களில் இது அன்றாடக் காட்சி: மகன் வெளிநாட்டில், கார் உறை போட்டுக் கீழே, அப்பா ஞாயிற்றுக்கிழமை லஸ் வரை ஒரு சுற்று. அந்தச் சுற்று பேட்டரிக்குப் போதாது. பூட்டி நிறுத்தியிருந்தாலும் காருக்குள் கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கதவே திறக்காது. தெருமுனைக் கடையிலிருந்து புதுப் பேட்டரி வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தால், மெக்கானிக் சொல்வார்: “சார், மாட்டினது மட்டும் பத்தாது. ஸ்கேனர் போட்டு வண்டிக்குப் புதுசுன்னு சொல்லணும்.” அவர் சொல்வது சரிதான். பேட்டரி பழையதாக ஆக எப்படி சார்ஜ் செய்வது என்று கார் கணக்கு வைத்திருக்கிறது. பதிவு செய்யாவிட்டால் புதியதையும் பழைய கிழவனைப் போலவே நடத்தும். புதுசும் சீக்கிரம் போய்ச் சேரும். நிறுத்தியே வைத்திருக்கிறவர்கள் பேட்டரி மெயின்டெய்னர் என்ற சின்ன சார்ஜரை வாங்கி வைப்பது நல்லது. கார் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் போட அசோசியேஷன் செக்ரட்டரி சம்மதிக்க வேண்டும். அது கார் கம்பெனியால் தீர்க்க முடியாத பிரச்சினை.

பிரேக் ஆயிலும் ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கு. வருஷம் முழுக்க வேர்க்கிற நம் ஊரில், மீட்டர் எவ்வளவு காட்டினாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

டயர், ஷாக் அப்சார்பர் இரண்டும் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. ரன்-ஃப்ளாட் டயர் பங்க்சரான பிறகும் மணிக்கு 80-ஐத் தாண்டாமல் 80 கிலோமீட்டர் வரை போகலாம் என்கிறார்கள். திண்டிவனத்துக்கு முன்னால் ஆணி ஏறினால் அந்தக் கணக்கு உங்களை எங்கே கொண்டு விடும், ஸ்டெப்னி இல்லாத டிக்கியோடு அங்கே என்ன செய்வது என்று பார்ப்போம். அதற்கடுத்த வாரம் தண்ணீர். 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் மூழ்கிய கார்களிலிருந்து, 2024 அக்டோபரில் மழை அறிவிப்பைக் கேட்டதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக ஏறி நின்ற கார்கள் வரை. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு ஏன் வளைகிறது, இன்சூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் எடுக்காதவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்த அத்தியாயம் அச்சேறியாக வேண்டும். நம்பெருமாள் செட்டியார் தை வரைக்கும் காத்திருப்பார்.